நம்ப வேண்டாம் என்று சொன்ன சிக்னல்

மார்ச் 2, திங்கள்

அக்காவுக்கு,

எப்பவும் முதல் வரியில எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதுவேன். இன்னைக்கு அது வரல. அம்மா நல்லா இருக்காங்க. அவ்வளவுதான்.

மலை மேல உங்க சாட்டிலைட் ஸ்டேஷன்ல போன் வச்சுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கே, போன் அலையில சாட்டிலைட் பேசறது கேக்காதுன்னு, அது ஒரு வாரமா என் உயிரை வாங்குது. ரெண்டு நிமிஷத்துல கேட்டு முடிக்க வேண்டியதை உக்காந்து எழுதறேன். லெட்டர் கொண்டுபோற உங்க வேன் செவ்வாயும் வெள்ளியும்தான் மலை ஏறுமாம்.

போன செவ்வாய், பிப்ரவரி 24, மத்தியானம் மூணு மணி. கன்ட்ரோல் ரூம்ல இருந்து கால் வந்தது. ஒரு தையல்காரர், அறுபத்தொரு வயசு, மெஷின்ல உக்காந்திருந்தவர் அப்படியே ஒரு பக்கமா சாஞ்சுட்டார், வாய் கோணிப்போச்சுன்னாங்க. பக்கவாதம். அதுக்கு நேரம்தான் மருந்து, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நானும் நர்ஸும் ஆம்புலன்ஸை எடுத்தோம். புது ரிங் ரோட்டுல போனா அவர் இருக்கற இடத்துக்கு ஒன்பது நிமிஷம்.

அந்த ரோடு ஒரு இடத்துல மூணாப் பிரியும். ஒவ்வொரு பாதைக்கும் ரெண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர். நுழைஞ்சுட்டா நுழைஞ்சதுதான். பேர்ப்பலகை இன்னும் எழுதல, வெறும் தகரம் நிக்குது. நாங்க போக வேண்டியது நடுப்பாதை. எங்களுக்கு ரெண்டு பக்கமும் லாரி, ரோட்டு ஓரமே கண்ணுக்குத் தெரியல. நீ லீவுல வந்தப்போ என் வண்டியில மாட்டிவிட்டுப் போன வழி சொல்ற பெட்டி, நடுப்பாதையில் இருக்கிறீர்கள், நேராகச் செல்லவும்னு சொல்லுச்சு. பக்கத்துல இருந்த நர்ஸ், அண்ணே நாம ஓரத்துல இருக்கற மாதிரி இருக்கு, இன்னும் ஒண்ணு வலப்பக்கம் போகணுமோன்னு கேட்டாங்க. நான் பெட்டியைக் காட்டினேன். எங்கக்கா குடுத்தது, தப்பு சொல்லாதுன்னு பெருமை வேற பேசினேன்.

நாங்க இருந்தது ஓரப்பாதைதான். அது கிடங்குகளுக்குப் போற ஒருவழி. கடைசி வரைக்கும் போய்த்தான் திரும்பணும். பதினாலு நிமிஷம் லேட்.

தையல்காரர் பிழைச்சுட்டார். பேச்சும் வந்துடுச்சு. வலது கை வரல. டாக்டர், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தான்னு ஆரம்பிச்சார், என் மூஞ்சியைப் பாத்து நிறுத்திட்டார்.

விசாரணை வச்சிருக்காங்க. அதை நான் பாத்துக்கறேன். உன்கிட்ட எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். தப்பு பண்ணினது பெட்டியா, நானா? அன்னைக்கு நான் எதைப் பாத்தேன், எதைப் பாக்கலைன்னு எனக்கே இப்போ குழப்பமா இருக்கு. எதுவா இருந்தாலும் சொல்லு. தெரிஞ்சா தாங்கிக்குவேன்.

தம்பி

---

மார்ச் 6, வெள்ளி

அன்புத் தம்பிக்கு,

படிச்சதுல இருந்து மனசு சரியில்ல. அந்தத் தையல்காரருக்குக் கை திரும்ப வர வாய்ப்பு இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?

நீ கேட்டதுக்கு வரேன். பழைய பெட்டி ஒவ்வொரு சாட்டிலைட்கிட்ட இருந்தும் ஒரே ஒரு சிக்னலைக் கேக்கும். அது கீழ வர்றதுக்குள்ள மேல் காத்துல கொஞ்சம் தாமதமாகும். எவ்வளவு தாமதம்னு பழைய பெட்டிக்குத் தெரியாது, ஒரு உத்தேசம் போட்டுக்கும். அதனால ஆறு மீட்டர், எட்டு மீட்டர்னு தள்ளிக் காட்டும். இப்போ பொதுமக்களுக்குன்னே ரெண்டாவது சிக்னல் ஒண்ணு அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க, வேற அலைவரிசையில. ரெண்டும் ஒரே நேரம் கிளம்பி, கொஞ்சம் முன்ன பின்ன வந்து சேரும். அந்த வித்தியாசத்தை வச்சு எவ்வளவு தாமதம்னு கணக்குப் போட்டு, கழிச்சுடலாம். உன் வண்டியில இருந்தது ரெண்டையும் கேக்கற பெட்டி. இங்க ஒன்பது மாசமா சோதிக்கறோம். ஒரு மீட்டர், போனாப் போகுதுன்னு மூணு மீட்டர். அதுக்கு மேல தள்ளினதே இல்ல.

ரெண்டு பக்கமும் லாரி, அங்க ஒரு உசிர் போராடுது. அந்தப் பதட்டத்துல யாருக்கும் கண் தவறும். யானைக்கும் அடி சறுக்கும். இதுக்காக உன்னையே போட்டுக் குடையாதே.

இன்னொண்ணு. சோதனைப் பெட்டியை வெளி வண்டியில மாட்டக் கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு. அது உனக்கும் தெரியும். விசாரணையில அதைப் பத்தி என்ன சொல்றதுங்கறதை உன் இஷ்டத்துக்கு விடறேன். கழட்டி வச்சுட்டா நல்லது.

அம்மாகிட்ட நான் விசாரிச்சதாச் சொல்லு.

அக்கா

---

மார்ச் 11, புதன்

அக்காவுக்கு,

மூணு மீட்டர். சரி. அப்போ நான்தான்.

பெட்டியைப் பத்தி நீ கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். அன்னைக்கு சாயந்திரமே கழட்டிட்டு ஆபீஸ் குடுத்த பழைய பெட்டியை மாட்டிட்டேன். மறுநாள் வந்து பாத்தவங்க கண்ணுல பட்டது அதுதான். நர்ஸுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன், சரின்னுட்டாங்க. அதுவரைக்கும் அண்ணேன்னு கூப்பிட்டவங்க இப்போ சார்ங்கறாங்க.

விசாரணை அதிகாரி பென்சில் சீவிக்கிட்டே கேட்டார், எப்படி மாறிப்போனேன்னு. கவனிக்கல சார்னேன். நான் சொன்னது ரெண்டு வார்த்தை, அவர் எழுதினது அரைப் பக்கம்.

கண் டாக்டர்கிட்ட போனேன். கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கழுகுக் கண்ணு உங்களுக்குன்னு தட்டிக் குடுத்தார். கோளாறு ஏதாவது இருக்கும்னு நம்பித்தான் போனேன். ஒண்ணும் இல்லைன்னுட்டார். கண் நல்லா இருந்தும் பாக்கலைன்னா அப்போ கோளாறு வேற எங்கயோ இருக்கு. இப்போ ஸ்கூட்டர் ஓட்டும்போதுகூட சந்திப்புல நின்னு, நான் எந்த வரிசையில நிக்கறேன்னு இடமிருந்து வலமா எண்ணறேன். பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க. மறுபடியும் எண்ணறேன். இருபது வருஷம் வண்டி ஓட்டினவன்.

பழைய பெட்டி இருந்த வரைக்கும் அதை நான் நம்பினதே இல்ல. குத்துமதிப்பா வழி சொல்லும், மிச்சத்தை நான் பாத்துக்குவேன். உன் பெட்டி ரோட்டுல எந்தப் பக்கம் நிக்கறோம்னு வரைக்கும் சொல்லுச்சா, நான் பாக்கறதை விட்டுட்டேன். பெட்டி மேல குத்தம் இல்ல. சொல்லணும்னு தோணுச்சு.

அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா. வானத்துல இருக்கறவன் பேச்சைக் கேட்டே, பக்கத்துல இருந்தவ பேச்சைக் கேக்கலைன்னாங்க.

தம்பி

---

மார்ச் 17, செவ்வாய்

தம்பிக்கு,

இந்த லெட்டரை மூணு தடவை ஆரம்பிச்சுக் கிழிச்சேன். வேன் கிளம்பப்போகுது, அதனால சுருக்கமா எழுதறேன்.

இங்க ஒரே காத்து. பன்னெண்டு ஆன்டெனாவும் தூண் மேல நிக்குது, தினமும் பறவைங்க அசிங்கம் பண்ணி வைக்குது. ஏணி போட்டு ஏறித் துடைக்கறதுதான் பாதி நாள் வேலை. படிச்ச படிப்புக்கு நல்ல மரியாதை. எங்க தலைமை இன்ஜினியர் மட்டும் சந்தோஷமா இருக்கார். எங்க ஒன்பது மாச சோதனை அறிக்கை மேல போயிடுச்சுன்னா, அடுத்த மாசம் அறுபது ஆம்புலன்ஸுக்கு இந்தப் பெட்டியை மாட்டப்போறாங்களாம்.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடலையே? வேன்காரர்கிட்ட குடுத்து அனுப்பு. அன்னைக்கு அது எதைக் கேட்டுச்சு, எதைக் காட்டுச்சுன்னு உள்ள பதிவு இருக்கும். சும்மா ஒரு தடவை பாக்கறேன்.

கண் டாக்டர்கிட்ட எல்லாம் இனிமே போகாதே.

அக்கா

---

மார்ச் 25, புதன்

அக்காவுக்கு,

பெட்டியைத் துண்டுல சுத்தி அனுப்பியிருக்கேன். துண்டைத் திருப்பி அனுப்பு, அம்மா கேக்கறாங்க.

தீர்ப்பு வந்துடுச்சு. ரெண்டு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது. வேலையை விட்டு எடுக்கல, அதுவே பெருசுன்னாங்க. கழுவற ஷெட்டுல போட்டிருக்காங்க. வர்ற வண்டியை உள்ளயும் வெளியயும் கழுவணும், ஸ்ட்ரெச்சர் சக்கரத்துல சுத்தியிருக்கற முடியை எடுக்கணும், ஆக்சிஜன் சிலிண்டரை எண்ணி வைக்கணும். எந்தப் பாதையில நிக்கறோம்னு யாரும் கேக்கறதில்ல. குழாய் எங்க இருக்கோ அங்க நிக்கறோம்.

என் வண்டியை இப்போ ஒரு புதுப் பையன் ஓட்டறான். நல்லா ஓட்டறான். கழுவ வர்றப்போ சாவியை என் கையில குடுக்கறதுக்குக் கூச்சப்படறான், சீட்டு மேல வச்சுட்டுப் போயிடறான்.

ரொம்பக் களைப்பா இருக்கு அக்கா. முன்ன பதினாறு மணி நேரம் ஓட்டினப்போ கூட இப்படி இருந்ததில்ல. கையெழுத்துப் போடச் சொன்ன எல்லாத்துலயும் போட்டுட்டேன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். கண் டாக்டர்கிட்ட போகாதேன்னு ஏன் எழுதினே? என் கண்தான் தப்புன்னா போகச் சொல்லித்தானே எழுதியிருக்கணும்? ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கிட்டே இதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன்.

தம்பி

---

ஏப்ரல் 6, திங்கள்

தம்பிக்கு,

நீ இல்ல. பதிவைப் பாத்துட்டேன். மூணு மணி ஆறு நிமிஷத்துல நீ ஓரப்பாதையில இருந்தே. பெட்டி உன்னை ஆறே கால் மீட்டர் தள்ளி நடுப்பாதையில வச்சிருக்கு. நீ பாத்ததுல ஒரு தப்பும் இல்ல. பெட்டி பண்ணின தப்பு. அந்தப் பெட்டியை அப்படிப் பண்ண வச்சது நான்.

விளக்கமா எழுதறேன், பொறுமையாப் படி. இந்த ரெண்டாவது சிக்னல் இன்னும் முறைப்படி திறக்கல. வானத்துல இருந்து வந்துகிட்டுதான் இருக்கு, ஆனா திறப்பு நாள் வரைக்கும் ஒவ்வொரு சாட்டிலைட்டும் அதுகூடவே ஒரு குறிப்பையும் சேத்து அனுப்பும். என்னை இன்னும் நம்ப வேண்டாம்னு. கடையில விக்கற பெட்டி அதைக் கேட்டுட்டு ஒதுங்கிக்கும். நாங்களும் ஒதுங்கினா எதை வச்சு சோதிக்கறது? அதனால சோதனைப் பெட்டிங்களுக்கு அந்தக் குறிப்பைக் கண்டுக்காதேன்னு நாங்களே சொல்லி வச்சிருக்கோம். எல்லா சாட்டிலைட்டும் எல்லா நாளும் நம்பாதேன்னு சொன்னா, ஒரு நாள் நிஜமாவே சொல்றப்போ யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் சாட்டிலைட்டை இயக்கறவங்ககிட்ட இருந்து நோட்டீஸ் வரும். இன்ன சாட்டிலைட்ல இன்ன நேரம் வேலை நடக்குது, சிக்னல் தாறுமாறா இருக்கும்னு. உடனே அந்த ஒண்ணை எங்க பெட்டி ஒவ்வொண்ணுலயும் நாங்க கையால கணக்குல இருந்து எடுத்து விட்டுடுவோம்.

பிப்ரவரி 20 அப்படி ஒரு நோட்டீஸ் வந்தது. 24-ம் தேதி ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும்னு. அதைப் பலகையில குத்தினதே நான்தான். பன்னெண்டு பெட்டியிலயும் அந்த சாட்டிலைட்டை எடுத்து விட்டேன். எண்ணிப் பாத்துக் கையெழுத்தும் போட்டேன். பதிமூணாவது உன் வண்டியில இருந்துச்சு. அது என் ஞாபகத்துலயே இல்ல.

இப்போ மோசமானதைச் சொல்றேன். இது பதிவைப் பாத்துத் தெரிஞ்ச விஷயம் இல்ல. உன் முதல் லெட்டர்ல தேதியைப் படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. லெட்டரைக் கையில வச்சுக்கிட்டே பலகைக்குப் போய் நோட்டீஸைப் பாத்தேன். அப்புறம் வந்து உக்காந்து உனக்கு மூணு மீட்டர்னு எழுதினேன். யானைக்கும் அடி சறுக்கும்னு பழமொழி வேற. பயம், வேற ஒண்ணும் இல்ல. இருபத்திரண்டு வருஷ வேலை, ஒன்பது மாச அறிக்கை, விதியை மீறி உனக்குப் பெட்டி குடுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, உன்னைக் கண் டாக்டர்கிட்ட ஓட விட்டேன்.

விசாரணை அதிகாரிக்கு நானே எழுதறேன். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கற தகுதி எனக்கு இல்ல. ஆனாலும் கேக்கறேன்.

அக்கா

---

ஏப்ரல் 10, வெள்ளி

நான் பதினாலு நிமிஷம் லேட். நீ முப்பத்தஞ்சு நாள் லேட்.

உன் லெட்டரை ஷெட்டுல நின்னுக்கிட்டே படிச்சேன். முதல்ல அப்பாடான்னு இருந்துச்சு, நிஜமாவே உடம்பு லேசாச்சு. அப்புறம் அந்தத் தையல்காரர் கை ஞாபகம் வந்து, அப்பாடான்னு நினைச்சதுக்கு வெக்கப்பட்டேன். அதுக்கு அப்புறம்தான் கோவம் வந்துச்சு, இன்னும் போகல. நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன். வேலையைக் காப்பாத்திக் குடுன்னு கேட்டேனா? சர்டிபிகேட் கேட்டேனா? நீ குடுத்த பெட்டியை யாருக்கும் தெரியாம கழட்டி ஒளிச்சு வச்சவன்கிட்டயே ஒளிச்சிருக்கே.

விசாரணைக்கு எழுதாதே. எழுதி என்ன ஆகப்போகுது. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன. நான் கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு பேரும் வேலை இல்லாம வீட்ல உக்காந்தா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது? ஒருத்தராவது இருக்கற இடத்துல இருப்போம். நர்ஸ் சொன்னதை நான் கேக்காம விட்டேனே, அதுக்கு எந்த சாட்டிலைட் மேலயும் பழி போட முடியாது.

கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வராதே. வந்தா கத்திடுவேன். துண்டை வேன்ல குடுத்து அனுப்பு.

---

ஏப்ரல் 24, வெள்ளி

தம்பிக்கு,

இதை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போறேன். நீ ஷெட்டுல இருக்கற நேரமாப் பாத்துத்தான் வந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரூம் எடுத்திருக்கேன். வராதேன்னு நீ சொன்னதை மதிக்கறேன், ஆனா விசாரணைக்கு எழுதாதேன்னு சொன்னதை மதிக்க முடியல.

தலைமை இன்ஜினியர்கிட்ட முதல்ல சொன்னேன். நின்னுக்கிட்டு இருந்தவர் அப்படியே உக்காந்துட்டார். என்னை ஒண்ணும் திட்டல. அறுபது ஆம்புலன்ஸுக்கு மாட்டறதை நிறுத்திட்டார். அந்தக் குறிப்பைக் கண்டுக்காத எந்தப் பெட்டியும் இனிமே ஸ்டேஷன் கேட்டைத் தாண்டாத மாதிரி பூட்டு போடப்போறாங்க. விசாரணை முடியற வரைக்கும் நான் வேலைக்கு வர வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார்.

உன் அதிகாரியையும் பாத்தேன். பென்சிலைக் கீழ வச்சுட்டு ரெண்டு தடவை படிச்சார். உன் பைலைத் திரும்பத் திறக்கறாங்க, உனக்கு ஓலை வரும். முழுசா உன்னை விடுவிச்சுட மாட்டாங்களாம். பெட்டியை மாத்தி மறைச்சதும், நர்ஸ் பேச்சைக் கேக்காததும் உன் மேல நிக்கும்னு சொன்னார். ரெண்டு வருஷம்னு இருந்தது மட்டும் குறையும். அதுக்கு நீ சந்தோஷப்படுவியா, கோவப்படுவியான்னு தெரியல.

நேத்து தையல்காரர் வீட்டுக்குப் போனேன். இதைத்தான் எழுத வந்தேன், மத்ததெல்லாம் இதுக்கு முன்னாடி சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

முன் ரூம்ல நாற்காலியில உக்காந்திருந்தார். வலது கையை மடியில ஒரு துணி மேல எடுத்து வச்சிருந்தார். மக மெஷின்ல தைச்சுக்கிட்டு இருந்தா. நான் யார்னு சொன்னேன், முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். சாட்டிலைட்டு, சிக்னலுன்னு எப்படிப் புரிய வைக்கப்போறேன்னு பயந்துகிட்டே போனேன். கேட்டு முடிச்சுட்டு அவர் சொன்னார்: "டேப்புல அளவு தப்புன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. கடையில எல்லாருக்கும் சொல்லிட்டே. ஒருத்தனுக்கு மட்டும் சொல்லாம வெட்ட விட்டுட்டே." ஆமாம்னேன்.

மக மெஷினை நிறுத்திட்டா. அப்புறம் அவரே உன்னைப் பத்திச் சொன்னார். அஞ்சு ஞாயித்துக்கிழமையா நீ அங்க போயிட்டு இருக்கியாமே. போற அன்னைக்கெல்லாம் அவர் திட்டுவாராம், வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவாராம். அவர் திட்டி முடிக்கற வரைக்கும் நீ உக்காந்திருப்பியாம். அப்புறம் அந்த வாரத்துக்கு வேண்டிய ஊசிக்கெல்லாம் நூல் கோத்து, வரிசையாக் குத்தி வச்சுட்டு வருவியாம். அவர் இடது கையால பட்டன் தைக்கப் பழகறார். நூல் கோக்க ஒரு கை பத்தாதே.

அஞ்சு ஞாயிறுன்னு விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். என் லெட்டர் உனக்குக் கிடைச்ச பிறகு ரெண்டு ஞாயிறு வந்திருக்கு. தப்பு உன்னோடது இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் ரெண்டு தடவை போய் உக்காந்து அவர் திட்டைக் கேட்டிருக்கே. எங்கக்காதான்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் அங்கயே அழுதுட்டேன்டா. அடக்க முடியல. அவர் மக முன்னாடி, வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்.

அவர் சமாதானம் ஒண்ணும் சொல்லல. அழுது முடிக்கட்டும்னு இருந்தார். அப்புறம் சொன்னார், "உன் தம்பியை இனிமே வர வேண்டாம்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை நீ வா."

நாளன்னைக்கு ஞாயிறு. பத்து மணிக்கு நான் போறேன். நீ வீட்ல இரு.

அக்கா